கயிற்றுக்கு இந்தப் பக்கம்

லோகன்டேல் தோட்டம், மேல் டிவிசன்,
ஹட்டன்.
12.09.2024

அன்புள்ள தம்பி சுதாகரனுக்கு,

அக்கா வினோதா எழுதுவது. நானும் உன் மச்சானும் சுகமாக இருக்கிறோம். மச்சானுக்கு முழங்கால் பிடிப்பு மட்டும் இருக்கிறது, மழை விட்டால் அதுவும் விடும். கட்டாரில் உன் சாப்பாடு, தூக்கம் எல்லாம் எப்படி?

இதென்ன, கொப்பியில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறாள் என்று நினைக்காதே. கோல் எடுத்தால் நீ எடுப்பதில்லை. வாய்ஸ் அனுப்பினால் பதில் இல்லை. போனில் தமிழ் தட்டப் போனால், கொழுந்து கிள்ளிக் காய்த்த என் விரலுக்கு ஒரு எழுத்தைத் தொட மூன்று எழுத்து விழுகிறது. ஆகவே எழுதிவிட்டேன். மேல்மலை ரோட்டு முடக்கில்தான் சிக்னல். அங்கே ஏறி நின்று அனுப்புவேன்.

விசயத்துக்கு வருகிறேன். வருகிற மாசிக் காமன் கூத்துக்கு நம் சவுண்ட் செட்டைப் போடுகிறேன் என்று தலைவர் சின்னராசா மாமாவிடம் கேட்டேன். நீ போய் நாலு வருடமாகக் கல்யாணம், பொங்கல், சங்கக் கூட்டம் என்று நான்தானே நடத்துகிறேன். அவர் சொன்னார்: "உன் வேலையில எனக்குக் குறை இல்லம்மா. ஆனா காமன் கம்பம் நட்ட பெறகு, பொட்டலச் சுத்திக் கட்டுற கயித்துக்கு உள்ள பொம்பளைங்க வரக்கூடாது. மிக்சர் மேடைக்குப் பக்கத்துல இருக்கணும், நீ மிக்சருக்குப் பக்கத்துல இருக்கணும். எப்படிம்மா?"

போன மாசிக்கு டவுனில் இருந்து செட் வந்தது. மன்மதன் எரிந்த பிறகு ரதி அழுத அழுகையில் ஒரு சொல் கேட்கவில்லை. தப்பு மேளச் சத்தம்தான் கேட்டது. சுற்றியுள்ள தோட்டங்களில், "ஒங்க தோட்டமே ஒங்களக் கூப்பிடலியாமே" என்று என் முகத்துக்கு நேரே கேட்கிறார்கள்.

எலக்ட்ரோனிக் கடை நஸார் நானா ஒன்று சொன்னார். "தங்கச்சி, இப்ப சின்ன டிஜிட்டல் மிக்சர் வருது. அத மேடையில வச்சிட்டு, பெரிய போன் மாதிரி இருக்கிற டெப்ப கையில எடுத்துக்கிட்டு வெளிய நின்னே நடத்தலாம்." உண்மையா? உண்மையென்றால் எதை வாங்குவது? அப்படி ஒன்று இருந்தால் நான் எதற்குக் கயிற்றைத் தாண்ட வேண்டும்? இந்த மாசிக்கு நான்தான் செய்யப் போகிறேன், அதில் மாற்றமில்லை. உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா,
வினோதா

*

தோஹா
05.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் மச்சானின் முழங்கால் செய்தியும் கிடைத்தன. நான் சுகம். வெயில் தணிந்திருக்கிறது. பதில் தாமதம், கோபிக்காதே. ஹோட்டல் மண்டபத்துக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், ஆகவே கோல் எடுக்க வேண்டாம். இப்படியே எழுது.

நானா சொன்னது உண்மை. இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். பெட்டி மேடையில் இருக்கும், ஆள் சனத்துக்கு நடுவில் நடந்துகொண்டே ஏற்றி இறக்குவான். மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைவிட அவனுக்குத்தான் சனத்துக்கு எப்படிக் கேட்கிறது என்று சரியாகத் தெரியும்.

வாங்கும் முன் மூன்று விசயம் எனக்கு எழுது. கூத்துக்கு எத்தனை மைக்? ஆடுகிறவர்கள் தங்கள் குரலைக் கேட்கத் திருப்பி வைக்கும் பெட்டி எத்தனை? நீ நிற்கப் போகும் இடத்துக்கும் மேடைக்கும் எவ்வளவு தூரம்? இது தெரியாமல் கடைக்காரர் காட்டியதை வாங்காதே. எட்டு மைக்குக்கு எட்டுத் துளை உள்ளதை வாங்கினால் ஒன்பதாவது ஆள் வந்து நிற்பான்.

அன்புத் தம்பி,
சுதாகரன்

*

லோகன்டேல்
20.10.2024

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலமே. மூன்று நாளாகப் பனியில் எதிர் லயத்து வீடுகள் தெரியவில்லை. நீ சுகம் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டாய். இளைத்திருக்கிறாயா, கொழுத்திருக்கிறாயா, அதையாவது எழுதக் கூடாதா?

கேட்டதற்குப் பதில். ஆடுபவர்களுக்கு ஆறு மைக், தப்புக்கு இரண்டு, ஆர்மோனியத்துக்கு ஒன்று, பூசாரிக்கு ஒன்று, தலைவருக்கு ஒன்று. தலைவருக்கு மைக் கொடுக்காவிட்டால் கூத்தே நடக்காது. ஆகப் பதினொன்று. திருப்பி வைக்கும் பெட்டி இரண்டு. நான் நிற்கப் போவது கொழுந்து நிறுக்கும் மடுவத்தில். கயிற்றுக்கு இந்தப் பக்கம்தான், ஆனால் மேடையில் இருந்து நூறடிக்கு மேல்.

நானாவிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் நம் பழைய மிக்சர் மாதிரித் தள்ளும் கட்டைகள் இருக்கின்றன. மற்றது வெறும் பெட்டி. துளைகள் மட்டும்தான், தொட ஒன்றுமில்லை. மச்சானுக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது. "இதப் பாத்தாத்தான் மிக்சர் மாதிரி இருக்கு, அது பிஸ்கட் டின் மாதிரி இருக்கு" என்கிறார். ஆர்மோனியத்துக்கும் சால்ராவுக்கும் வித்தியாசம் தெரியாத மனுசன், அபிப்பிராயத்துக்கு மட்டும் குறைவில்லை.

போன ஞாயிறு இரண்டு தரம் கோல் எடுத்தேன். ஞாயிறும் மண்டபமா? யாராவது பெண் கிடைத்திருந்தால் சொல்லிவிடு, திட்டமாட்டேன்.

அக்கா

*

தோஹா
16.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். இளைக்கவும் இல்லை, கொழுக்கவும் இல்லை. பெண்ணும் இல்லை.

பிஸ்கட் டின்னை வாங்கு. கட்டை உள்ளதை வாங்கினால் அதைத் தள்ள ஓர் ஆள் பக்கத்தில் வேண்டும். உனக்குத்தான் பக்கத்தில் போக முடியாதே. பதினாறு துளை உள்ளதாகப் பார். அதோடு இதைக் கட்டாயம் கேள்: பெட்டிக்குள்ளேயே இருக்கும் வைஃபையை நம்பாதே. முந்நூறு பேர் போனோடு வந்து நின்றால் அது செத்துவிடும். வெளியே தனி ரவுட்டர் ஒன்று வாங்கி வயரில் மாட்டி, உயரத்தில் வை. தகரத்துக்குப் பின்னால் வைக்காதே.

இன்னொன்றை மனதில் வைத்துக்கொள். டெப்பின் இணைப்பு அறுந்தாலும் சத்தம் நிற்காது. கடைசியாக நீ வைத்த அளவிலேயே பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே பதறாதே, மறுபடி இணைத்துக்கொள்.

முதல் வேலை முடிந்ததும் டெப்பின் திரையைப் படம் பிடித்து அனுப்பு. படம் தெளிவாக இருக்கட்டும்.

சுதாகரன்

*

லோகன்டேல்
22.12.2024

என் அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். மச்சானின் முழங்காலும் சுகம். நீ எப்படி என்று கேட்டால் மறுபடி ஒரு சொல்தான் வரப்போகிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

பழைய மிக்சரையும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியையும் நானாவிடமே கொடுத்துவிட்டுப் பிஸ்கட் டின்னை எடுத்துவிட்டோம். இறம்பொடையில் ஒரு கல்யாணத்தில் முதல் வேலை. கெட்டிமேளம் கொட்டுகிற நேரம் பார்த்து டெப் நம் ரவுட்டரை விட்டுவிட்டு மண்டபத்து வைஃபைக்குத் தாவிவிட்டது. நான் வெளியே நின்று விரலால் தேய்க்கிறேன் தேய்க்கிறேன், ஒன்றும் அசையவில்லை. நீ எழுதியது நினைவுக்கு வந்தது. சத்தம் நிற்கவில்லை. மூச்சை விட்டு, மறுபடி இணைத்து, மற்ற எல்லா வைஃபையையும் டெப்பில் இருந்து அழித்துவிட்டேன்.

பெரிய செய்தி இனித்தான். தலைவர் மாமாவைக் கோயில் வாசலுக்குக் கூட்டிப் போய், பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, கீழே தண்ணீர் விழும் பீலியடியில் நின்று சத்தத்தை ஏற்றி இறக்கிக் காட்டினேன். மனுசன் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "உள்ள ஒன் புருசன் அழகன் வயர் மாட்டுறது சரி. நீ கயித்தத் தொடக்கூடாது. மைக்குல ஊளச் சத்தம் ஒன்னு வந்தாலும் அடுத்த வருசம் டவுன் செட்டுத்தான்" என்றார். சரி என்றேன். ஒரு ஊளைகூட வராது என்றும் சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்புத்தான், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

இந்தத் தடவை ரதி வேசம் கிஷாந்துக்கு. கொழும்பில் புடவைக் கடையில் வேலை செய்கிறானே, அவன்தான். லீவில் வந்தபோது ரதி புலம்பலைப் பாடவைத்துப் பதிந்து அனுப்பியிருக்கிறேன். திரைப் படமும் இருக்கிறது. கேட்டுவிட்டு எப்படி என்று சொல். என் காதை நான் நம்பினாலும் உன் காதைத்தான் பெரிதாக நம்புவேன்.

அக்கா

*

தோஹா
11.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருடத்தில் நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நான் சுகம்.

பதிவைக் கேட்டேன். ரதியின் குரல் நன்றாக வந்திருக்கிறது. அடிச் சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம், நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடு. திரைப் படத்தில் மூன்றாவது மைக் சிவப்பைத் தொடுகிறது. அதன் முதல் அளவைக் குறை, பிறகு திரையில் உள்ள கட்டையை ஏற்று.

தலைவரிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லியாகிவிட்டது, இனிச் செய்துகாட்டத்தான் வேண்டும்.

சுதாகரன்

*

லோகன்டேல்
26.01.2025

தம்பி சுதா,

சுகமா? உண்மையாகவே கேட்கிறேன்.

நீ எழுதியபடி வெட்டலாம் என்று அந்தப் பதிவை நேற்று நானே போட்டுப் பார்த்தேன். நாலு நிமிடமும் ஒன்றுமில்லை. பதியும் பொத்தானை அழுத்தினேனே தவிர, எந்தச் சத்தம் அதற்குள் போக வேண்டும் என்று தெரிவு செய்யவில்லை. முதலில் இருந்து கடைசி வரை வெறுமை. மூன்று தரம் போட்டுப் பார்த்தேன். பிறகு வாசல் இஸ்தோப்பில் போய் உட்கார்ந்து, அந்தப் பதிவைப் பற்றி நீ எழுதியதை மறுபடி படித்தேன்.

சரி, அதை விடு. இனிப் பதிந்து அனுப்பமாட்டேன், எழுதுகிறேன். கிஷாந்தின் குரல் மேலே போகும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கிறது. தப்பு அடிக்கும்போது அடி நெஞ்சில் விழுகிறது, ஆனால் குச்சி தோலில் படுகிற "டக்" கேட்கவில்லை. பூசாரியின் மைக் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் வந்தால் மெல்லிய விசில், ரயில் தூரத்தில் ஊதுகிற மாதிரி. மூன்றுக்கும் என்ன செய்வது?

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

தோஹா
14.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது. பலதரம் எழுதிக் கிழித்தேன்.

மூக்குக் குரலுக்கு எண்ணூறில் இருந்து ஆயிரம் வரை மூன்று அளவு குறை. தப்புக்கு நாலாயிரத்தில் இரண்டு ஏற்று, இருநூற்றைம்பதில் கொஞ்சம் இறக்கு. ரயில் விசில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்குப் பக்கத்தில் இருக்கும். ஒல்லியாக ஒரு வெட்டுப் போதும். அகலமாக வெட்டினால் பூசாரியின் மந்திரம் போர்வைக்குள்ளிருந்து வரும்.

நீ எழுதியது மூன்றும் எனக்கு நன்றாக விளங்கின. இதே மாதிரி எழுது அக்கா. ஒன்றும் விடாமல் எழுது.

சுதா

*

லோகன்டேல்
04.03.2025, காலை

தம்பி,

சுகம் விசாரிக்க நேரமில்லை. மோசம் போனோம்.

ஞாயிற்றுக்கிழமை காமன் நட்டாயிற்று. உன் மச்சான் இருக்கிறாரே, ரவுட்டர் மழையில் நனையக் கூடாது என்று அதைக் கொண்டுபோய்க் காமன் கம்பத்துக்குப் பக்கத்தில், தகரப் பந்தலுக்குள், பூசைத் தட்டோடு வைத்துவிட்டார். பூசாரி காமனுக்குப் பூசை செய்தவர் ரவுட்டருக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து மாலையும் போட்டுவிட்டார். இப்போது அது காமனுக்குரிய பொருளாம். தகனம் முடியும் வரை அசைக்கக்கூடாதாம். "தெரியாம வச்சுட்டேன் சாமி, எடுத்துக்கிறேன்" என்று மச்சான் கெஞ்சியதற்கு, "வச்சது வச்சதுதான், எடுத்தா தோட்டத்துக்கு ஆகாது" என்கிறார்கள்.

நேற்று மடுவத்தில் நின்று பார்த்தேன். ஆள் இல்லாதபோதே டெப்பில் சிக்னல் ஒரு கோடுதான் காட்டுகிறது. நாலு பேர் குறுக்கே நடந்ததும் அதுவும் போய்விட்டது. தகனம் பதினாலாம் தேதி. டவுன் செட்டுக்குச் சொல்லவா என்று தலைவர் கேட்கிறார். அவரை நாளை வரை நிறுத்தி வைத்திருக்கிறேன். நான் விடப்போவதில்லை. வழி மட்டும் சொல்.

அக்கா

*

தோஹா
04.03.2025, பகல்

அக்கா,

பதறாதே. அதை அசைக்க வேண்டாம். அதன் பின்பக்கம் நாலு மஞ்சள் துளை இருக்கும். ஒன்றில் மிக்சரின் வயர் இருக்கிறது, மற்றதெல்லாம் சும்மா இருக்கிறது. நாற்பது மீட்டர் நெட்வேர்க் வயர் வாங்கி, இரண்டு முனைக்கும் நானாவிடம் பிளக் அடித்துக்கொள். ஒரு முனை அந்த மஞ்சள் துளையில். மறு முனை இன்னொரு ரவுட்டரில், அதுவும் மஞ்சளில்தான், நீலத்தில் வேண்டாம். அந்த இரண்டாவது ரவுட்டர் உன்னோடு மடுவத்தில் இருக்கட்டும், பெயரும் வேறாக இருக்கட்டும். அதற்குள் முகவரி கொடுக்கும் வேலையை நிறுத்திவிடு. நானாவுக்குத் தெரியும், இந்தக் கடிதத்தைக் காட்டு.

பூசாரியிடம் ஒன்றே ஒன்று கேள். எடுக்கத்தான் கூடாது, வயர் செருகலாமா?

சுதா

*

லோகன்டேல்
16.03.2025

என் உயிர்த் தம்பிக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். மச்சானுக்கு மட்டும் தடிமல், மூக்கு ஒழுகுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

பூசாரி நெடுநேரம் யோசித்தார். "செருகலாம். ஆனா செருகுறவன் தலைக்குக் குளிச்சு ஈரத் துணியோட வரணும்" என்றார். விடியக் காலைக் குளிரில் பீலித் தண்ணீரில் குளித்து, பல் கிடுகிடுக்க, கும்பிட்டுவிட்டு வயரைச் செருகினார் உன் மச்சான். தலைவர் மாமா, "இம்புட்டு பக்தியா எவனும் வயர் மாட்டி நான் பாத்ததில்ல" என்றார்.

தகனத்தன்று ஏழு மணிக்குத் தொடங்கினோம். பொட்டலில் கால் வைக்க இடமில்லை. மடுவத்தில் கொழுந்துத் தராசுக்குப் பக்கத்தில் நான், கையில் டெப். தூதன் வேசம் வரும்போது ஒரு தரம் இணைப்பு அறுந்தது. யாரோ வயரில் கால் வைத்துவிட்டார்கள். ஆனால் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. மச்சான் முனையை அழுத்திவிட்டார், திரும்ப வந்துவிட்டது. ஊளை ஒன்றுகூட வரவில்லை.

இனிக் கவனமாகப் படி, உனக்காகவே எழுதுகிறேன். மன்மதன் எரிந்து முடிந்ததும் தப்பை நிறுத்தினார்கள். நான் தப்பு மைக் இரண்டையும் அடைத்தேன். கிஷாந்த் தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்தான். முதல் அடியை மெல்லப் பாடினான், பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வது மாதிரி. அவன் மூச்சு இழுப்பது கேட்டது. இரண்டாவது அடியில் குரல் ஏறியது, மூக்கில் இல்லை, நீ சொன்ன மூன்று அளவு சரியாக இருந்தது. மூன்றாவது அடியில் குரல் உடைந்தது. உடைந்த இடத்தில் நான் ஒரு விரல் அகலம் ஏற்றினேன். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற பெண்கள் எல்லாரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ராசம்மா அக்கா என் தோளைப் பிடித்து, "இத்தன வருசமா இந்தப் பாட்டுல இவ்வளவு சொல்லு இருந்துச்சாடி" என்று கேட்டாள்.

முடிந்ததும் தலைவர் மாமா கயிறுவரை வந்து, அந்தப் பக்கமே நின்று, "அடுத்த வருசமும் நீதாம்மா" என்றார். சிரித்தேன். உனக்கு உடனே கோல் எடுக்கத் தோன்றியது. எடுத்தும் என்ன பிரயோசனம் என்று அப்போதுதான் உறைத்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன் சுதா. வெற்றியில் அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

எவ்வளவு நாளாக உனக்குக் கேட்பதில்லை? ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் என்ன மூன்றாம் ஆளா? அங்கே தனியாகக் கிடந்தது போதும். புறப்பட்டு வா.

அக்கா

*

தோஹா
29.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மச்சானின் தடிமல் விட்டதா? நான் சுகம் என்று இந்தத் தடவை எழுதவில்லை.

வலது காது போய் இரண்டு வருடம். இடதில் கொஞ்சம் மிச்சம், அதுவும் இரைச்சலாகத்தான் வருகிறது. மருந்து இல்லை என்றார் டாக்டர். ஹோட்டலில் சவுண்ட் வேலையில் இருந்து என்னை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். மைக்கும் வயரும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறேன். போன் கூடாது என்று எழுதியதெல்லாம் பொய். காது கேளாதவன் சவுண்ட்காரன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? உன்னிடம் சொன்னால், நம் செட்டில் எனக்குப் பங்கில்லை என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன்.

அந்தப் பதிவை நான் திறக்கவே இல்லை. திறந்திருந்தால் திரையில் கோடு தட்டையாகக் கிடந்திருக்கும், ஒரு பார்வையில் பிடித்திருப்பேன். திறக்கப் பயம்.

உன் கடைசிக் கடிதத்தை ஸ்டோரில் உட்கார்ந்து நாலு தரம் படித்தேன். மூன்றாவது அடியில் ஒரு விரல் ஏற்றினாயே, நானாக இருந்தாலும் அங்கேதான் ஏற்றியிருப்பேன். காது உனக்கு இருக்கிறது. எந்த எண்ணில் கை வைப்பது என்பது எனக்கு இன்னும் மறக்கவில்லை. இரண்டும் ஒரே மடுவத்தில் நின்றால் அடுத்த மாசிக்குப் பக்கத்துத் தோட்டங்களையும் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

வேலையை விட்டுவிட்டேன். ஏப்ரல் பத்தாம் தேதி காலை கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குகிறேன். மச்சானையும் கூட்டி வா. ஒன்று மட்டும் நினைவில் வை. கூட்டத்தில் என்னைக் கண்டதும் வழக்கம்போல் பின்னாலிருந்து சுதா சுதா என்று கத்துவாய். கத்தாதே அக்கா, எனக்குத் தெரியாது. முன்னால் வந்து நில்.

சுதாகரன்